யுடிதா எழுதிய மனுக்கள்

ஒல்ஷினா ரயில்வே கேட்டின் கேட்கீப்பர் மடேய் ஹவ்ரானிடம், உன் பெண்டாட்டிக்குக் கோபமே வராத நாள் ஒன்றாவது உண்டா என்று கேட்டால், எங்கள் கல்யாணத்தன்று வரவில்லை என்பான். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் மத்தியானம் வரைக்கும்தான் என்று சேர்த்துக்கொள்வான். ஊரார் யுடிதாவைச் சண்டைக்காரி என்றார்கள். ஆனால் அவள் வேலிக்காகவோ கோழிக்காகவோ யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை. அவளுடைய கோபமெல்லாம் காகிதங்களின் மேல்தான். அந்தக் காகிதங்கள் அவளுக்குச் செய்ததைப் பார்த்தால் கோபம் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

முதல் காகிதம் 1898 வசந்தத்தில் வந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம், கேட் வீட்டுக்குக் குடிவந்தும் இரண்டு வருடம். தொட்டிலில் பாவெல் பல் முளைக்கும் அவஸ்தையில் அழுதுகொண்டிருந்தான். ஸ்டேஷனிலிருந்து திரும்பிய மடேய் தொப்பியைக் கழற்றாமலே மேசை முன் உட்கார்ந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து வைத்தான். யுடிதா பாதிரியாரிடம் படித்தவள். ஸ்லோவாக் மொழியில் எதைக் கொடுத்தாலும் வாசிப்பாள், அழகாக எழுதவும் செய்வாள். இந்தத் தாளில் அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மாக்யார் மொழி, ஆட்சி செய்கிற ஹங்கேரிக்காரர்களின் மொழி.

"என்னது இது?"

"நம்ம பேரு."

ஹவ்ரான் என்றால் எங்கள் மொழியில் அண்டங்காக்கை. அதையே மாக்யாரில் மாற்றி ஹொல்லோஷ் என்று எழுதியிருந்தார்கள். மடேய் மாத்யாஷ் ஆகியிருந்தான். பெஷ்ட் நகரத்து அமைச்சரகத்தில் யாருக்கோ ஓர் எண்ணம் தோன்றியிருக்கிறது, அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் ஒவ்வொருவனும் கேட்பதற்கு மாக்யாராக இருக்கவேண்டும் என்று. அந்த ஒரே மாதத்தில் எங்கள் ஸ்டேஷனைச் சேர்ந்த பதினொரு ஆட்களின் பெயர்கள் மாறிவிட்டன.

யுடிதா தாளில் விரலை ஓட்டித் தேடினாள். "என் பேரு எங்க?"

மடேய் ஒரு வரியைக் காட்டினான். ஹொல்லோஷ் மாத்யாஷ்னே என்றிருந்தது. மாத்யாஷின் பெண்டாட்டி என்று அர்த்தம். அவர்கள் வழக்கத்தில் கட்டிக்கொண்டவளுக்குத் தனியாக ஒரு பெயர் எழுதுவதில்லை.

"அப்ப யுடிதா?"

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்து மறுபடி மடித்தான்.

"நீ கையெழுத்துப் போட்டியா?"

மடேய் தொட்டிலைப் பார்த்தான், ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தைப் பார்த்தான், எழுந்துபோய் விறகு பிளந்தான். போட்டுவிட்டான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வீடு ரயில்வேயுடையது, வேலை ரயில்வேயுடையது, கைக்குழந்தை வேறு. ஏன் போட்டான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததாலேயே அவளால் மன்னிக்க முடியவில்லை.

பெயர் மாற்றும் மனுவுக்கு ஒட்டுகிற ஸ்டாம்பின் விலை அரை ஃபோரின்ட். அதனால் இப்படிப் பெயர் மாறியவர்களை ஊரில் 'அரை ஃபோரின்ட் மாக்யார்' என்று கேலி செய்வார்கள். சந்தையில் ஒருவன் மடேயை அப்படிக் கூப்பிட்டபோது யுடிதா கையிலிருந்த முட்டைக்கோஸால் அவனை அடித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, அடுப்பு பற்றாத நாட்களிலும் மாவு தீர்ந்த நாட்களிலும் அதே பெயரை அவளே அவன்மேல் வீசினாள். இருபத்தோரு வருடம் வீசினாள். அவன் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை.

பாவெல் பள்ளிக்குப் போனான். அங்கே ஸ்லோவாக்கில் வாய் திறந்தால் முட்டி போடவேண்டும். எட்டு வயதுப் பிள்ளை முழங்காலில் சிவப்புத் தடத்தோடு வந்து, அம்மா, நாம எல்லாரும் தப்பாவா பேசறோம் என்று கேட்டான். யுடிதா மறுநாள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, ஆசிரியரிடம் தன் மொழியிலேயே முக்கால் மணி நேரம் பேசினாள். அவருக்கு அது நன்றாகப் புரியும், அவருடைய அம்மா பக்கத்து ஊர்க்காரி. புரியாத மாதிரியே நின்றார். 1910 குடிக்கணக்கு வந்தது. ரயில்வேக்காரர்களின் படிவங்களையெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டரே உட்கார்ந்து நிரப்பினார், தாய்மொழி மாக்யார் என்று. ஸ்லோவாக் இனம் என்று ஒன்று கிடையவே கிடையாது, மலைப்பக்கத்தில் ஏதோ ஒரு பேச்சு வழக்கு இருக்கிறது என்று பெஷ்ட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்படிக் கணக்கெடுத்தால் எப்படிக் கிடைக்கும்?

போர் வந்தது. பாவெலைக் கூட்டிக்கொண்டு போனார்கள். 1916 கோடையில் தபால்காரன் கேட் வரைக்கும் நடந்து வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினான். ஹொல்லோஷ் பால், காலாட்படை வீரர், களத்தில் வீழ்ந்தார். யுடிதா அதைத் திருப்பி அவன் கையிலேயே வைத்தாள்.

"இந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல."

தபால்காரன் அங்கேயே நின்றான். கொஞ்ச நேரம் அந்தத் தாள் தப்பான வீட்டுக்கு வந்த தாளாகவே இருந்தது. பிறகு மடேய் வந்து அதை வாங்கிக்கொண்டான்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பழைய ராஜ்யம் ஒரே இலையுதிர்காலத்தில் சரிந்து விழுந்தது. செக்கர்களோடு சேர்ந்து எங்களுக்குப் புது நாடு வந்துவிட்டது என்று கோயில் மணி அடித்தார்கள். அன்று யுடிதா உருளைக்கிழங்கு உருண்டைகள் வேகவைத்து, ஆட்டுப்பால் சீஸைத் தாராளமாகப் போட்டு, மேலே பன்றிக்கொழுப்பை வறுத்துக் கொட்டி, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் கொடுத்தாள். பிள்ளை போனபின் அவள் சிரித்து ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். புது நாட்டுக்கு விசுவாசம் சொல்லி உறுதிமொழி எடுக்கச் சொன்னபோது மடேய் முதல் ஆளாகப் போய் எடுத்தான்.

1919 மே மாதம் அடுத்த காகிதம் வந்தது. இந்தத் தடவை செக் மொழி, ஸ்லோவாக்குக்கு நெருக்கமானது, யுடிதாவால் வாசிக்க முடிந்தது. முந்தைய அரசின் மாக்யார் ஊழியரான ஹொல்லோஷ் என்பவர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார், பதினான்கு நாளில் கேட் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

ஒன்பதாம் நாளே புது கேட்கீப்பர் வந்து இறங்கிவிட்டான். செக்கர்களின் மொராவியாப் பக்கத்துக்காரன், பெயர் அலோய்ஸ். முப்பது வயது இருக்கும், கூச்ச சுபாவம். அவன் பெண்டாட்டி ஹெட்விகா நிறைமாதம். வண்டியில் ஒரு கட்டிலும் ஒரு தையல் மிஷினும் இருந்தன. காலியான வீடு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள் என்று அவன் தொப்பியைத் திருகிக்கொண்டே சொன்னான். யுடிதா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெட்விகாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சூப் கொடுத்தாள். அலோய்ஸ் வெளியே வண்டியிலேயே சாப்பிட்டான்.

மறுநாள் யுடிதா நகரத்து ரயில்வே அலுவலகத்துக்குக் கிளம்பினாள். கடைக்காரர் ஆர்மின் வெய்ஸும் துணைக்கு வந்தார். ஒல்ஷினாவில் உப்பு, ஆணி, காகிதம் எல்லாம் விற்கிற யூதர் அவர். நாலு மொழி எழுதப் படிக்கத் தெரியும். பழைய ஃபைலை எடுத்தால் மாக்யாரில்தான் இருக்கும், உனக்கு வாசிக்க ஆள் வேண்டாமா என்று அவரே கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பிராகிலிருந்து வந்த இளைஞர், நல்ல மரியாதைக்காரர். நாற்காலி போட்டார். ஸ்லோவாக்கர்களும் செக்கர்களும் ஒரே இனத்தின் இரண்டு கிளைகள் என்றும், அம்மா பேசுவது தங்கள் பேச்சின் பழைய, அழகான வழக்கு என்றும் சொன்னார்.

"எங்க ஊர்ல இருபது வருஷமா எங்க பேச்ச ஒரு பேச்சே இல்லைன்னாங்க. இப்ப நீங்க வந்து உங்களோடதுன்றீங்க. எங்களோடதுன்னு எப்பய்யா சொல்லுவீங்க?" என்றாள் யுடிதா.

குமாஸ்தா சங்கடப்பட்டு ஃபைலைப் புரட்டினார். புரட்டும் விதத்திலேயே வெய்ஸுக்குப் புரிந்துவிட்டது, அதில் ஒரு வரிகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று. அட்டையில் இருந்த பெயரை வைத்தே ஆளைத் தள்ளியிருக்கிறார்கள். தான் வாசித்துச் சொல்லட்டுமா என்று வெய்ஸ் பணிவாகக் கேட்டார். குமாஸ்தாவுக்கு வேறு வழியில்லை.

வெய்ஸ் ஒவ்வொரு தாளாக வாசித்தார். பிறந்த ஊர், மதம், தாய்மொழி, இருமல் வந்து விடுப்பெடுத்த நாட்கள். பிறகு 1898-ஆம் வருட மனு. கீழ்க்கண்ட பணியாளர்களாகிய நாங்கள், தாயகத்தின் மேலுள்ள பற்றினால், எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில். கீழே பதினொரு கையெழுத்துகள்.

யுடிதா எழுந்து மேசையின் மேல் குனிந்தாள். மடேயின் கையெழுத்து அவளுக்குத் தெரியும். ஆட்டுக்குக் கொம்பு வைத்த மாதிரி எழுதுவான். தாளில் இருந்தது வழுவழுவென்று ஓடும் ஆபீஸ் எழுத்து. அதற்கு மேலே இருந்ததும் அதே எழுத்து. கீழே இருந்ததும் அதே. பதினொன்றும் ஒரே பேனா, ஒரே கை. ஸ்டேஷன் மாஸ்டரின் கை.

"இதுல எழுதத் தெரியாத ஆள் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்ககூட எவ்வளவு அழகாப் போட்டிருக்காங்க பாருங்க" என்றார் வெய்ஸ்.

குமாஸ்தா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். யுடிதா தலையசைத்து மறுத்தாள்.

வீடு திரும்பியபோது மடேய் கொட்டகையில் சாமான்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"நீ போடல."

அவன் கயிற்றை விடவில்லை.

"இருபத்தோரு வருஷமாத் திட்டறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் போடலடின்னு சொல்றதுக்கு என்ன?"

மடேய் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான். "கேட்டிருந்தா போட்டிருப்பேன் யுடிதா. புள்ள தொட்டில்ல கெடந்தான். போட்டுத்தான் இருப்பேன்."

"கேட்டிருந்தா?"

"யாரும் கேக்கல. சம்பளத்துக்கு நிக்கறேன், ஹொல்லோஷ்னு கூப்பிடறாங்க, யாரோன்னு சும்மா நிக்கறேன். ஸ்டேஷன் மாஸ்டர் சிரிக்கிறாரு, உன்னத்தான்டாங்கறாரு. பயந்து போட்டவன்னு நீ நெனைச்சா அது ஒரு மனுஷன் செஞ்ச காரியம். கேக்கக்கூடத் தேவையில்லாத ஆளுன்னு உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

அவள் உள்ளே வந்து அவன் கட்டிய மூட்டையின் மேலேயே உட்கார்ந்தாள். சமாதானமாக அவள் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேலிப்பெயர் பிறகு ஒருபோதும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

வீடு போனது போனதுதான். ஊருக்குள் வெய்ஸின் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியேறினார்கள். அங்கே யுடிதா மனு எழுத ஆரம்பித்தாள். பதினொரு பேர் வீட்டுக்கும் நடந்தாள். இரண்டு பேர் போரில் இறந்திருந்தார்கள், விதவைகளிடம் விவரம் வாங்கினாள். கோயில் பதிவேட்டிலிருந்து பிறப்பு நகல், மனுவின் நகல், கையெழுத்து மாதிரி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கட்டு. காகிதம் வெய்ஸ் கொடுத்தார். அலுவலகம் நாலு மாதத்துக்கு ஒரு தடவை பதில் போட்டது. பதில்களைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மடேயை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், தண்டவாளத்தில் சம்மட்டி அடிக்கும் கூலியாக. ஆனால் ஓய்வூதியத்துக்குப் பழைய வருடங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். ஏனென்றால் அத்தனை வருடம் வேலை பார்த்தது ஹொல்லோஷ் என்பவர், விண்ணப்பித்திருப்பதோ ஹவ்ரான் என்பவர்.

அந்தக் கடிதத்தை யுடிதா ஸ்டேஷனில் எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டினாள். கேட்டிலிருந்து வந்திருந்த அலோய்ஸும் நின்று கேட்டான். மறுவாரம் அவனே வந்து, தானும் சாட்சிக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னான். ஒரு செக்கருடைய கையெழுத்து இருந்தால் சீக்கிரம் நகரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்திருந்தது அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஐந்து வருடத்தில் பதினொரு பேரில் ஆறு பேருக்குப் பழைய வருடங்கள் கிடைத்தன. மடேய்க்கும் கிடைத்தது, ஆனால் அவன் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே நெஞ்சுச்சளியில் போய்விட்டான். ஓய்வூதியம் யுடிதாவுக்கு வந்தது. உறையின் மேல் திருமதி யுடிதா ஹவ்ரானோவா என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். மூன்று பேருடைய மனுக்கள் தொலைந்துபோயின. மீதி இரண்டுக்குப் பதிலே வரவில்லை.

1939 மார்ச்சில் எங்களுக்கென்றே ஒரு நாடு வந்தது. செக்கர்கள் இல்லாத, மாக்யார்கள் இல்லாத, ஸ்லோவாக்கர்களின் சொந்த நாடு. அது ஜெர்மனியின் தயவில் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. யுடிதாவுக்கு அப்போது அறுபத்தைந்து வயது. பழைய ராஜ்யத்தில் பட்ட கொடுமையைச் சொல்ல மேடையேறவேண்டும் என்று ஊர்க் கமிட்டி வந்து கூப்பிட்டது. பூவேலை செய்த பாவாடையும் வெள்ளைத் தலைத்துணியும் போட்டு வரச் சொன்னார்கள். அவளும் ஒப்புக்கொண்டு, பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் காயப்போட்டிருந்தாள்.

அந்த வாரமே அலோய்ஸுக்குக் காகிதம் வந்துவிட்டது. செக் ஊழியர்கள் வெளியேறவேண்டும்.

விஷயம் கேட்டதும் யுடிதா கேட்டுக்கு நடந்தாள். இருபது வருடத்தில் அந்த வீட்டு வாசலை அவள் மிதித்தது அன்றுதான். புது அரசின் கறுப்புச் சீருடைக் காவல்படை வாலிபன் ஒருவன் கையில் பட்டியலோடு வாசலில் நின்று, ஹெட்விகா வெளியே கொண்டுவரும் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான்.

"வாங்கத்தை, உங்க வீடு உங்களுக்கு வந்துருச்சு. இவங்கதான உங்கள வெளிய தள்ளினாங்க" என்றான்.

"என்னத் தள்ளினது ஒரு காகிதம். இப்ப உன் கையில இருக்கு பாரு, அதே மாதிரி ஒண்ணு."

"இது நம்ம நாடு அத்தை."

"நம்ம நாடுன்னு சொல்றதுக்கு நாங்க அம்பது வருஷம் காத்துக்கிட்டு இருந்தோம்டா. வந்ததும் மொத வேலையா மாக்யார்காரன் செஞ்சதையே செய்யறீங்களே. உங்களுக்குச் சொந்தமா ஒண்ணுகூடத் தோணலையா?"

அவன் முகம் சிவந்தது. வயதைப் பார்த்துப் பொறுத்துக்கொள்கிறேன் என்றான். யுடிதா அவனை விட்டுவிட்டு அலோய்ஸைக் கையோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். இருபது வருடம் பணிபுரிந்தார் என்று ஒரு சான்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டால்தான் நகருவேன் என்று ஸ்டேஷன் மாஸ்டரின் மேசை முன் உட்கார்ந்தாள். அங்கே போய் உன்னிடம் அத்தாட்சி கேட்பார்கள், வெறுங்கையோடு நிற்காதே என்று அலோய்ஸிடம் சொன்னாள். நாலு மணி நேரம் ஆனது. முத்திரை விழுந்தது. அவர்கள் ரயிலேறியபோது ஹெட்விகா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மேடைக்கு அவள் போகவில்லை. காவல்படைக்காரர்கள் கூட்டிப்போய் இரண்டு நாள் உட்காரவைத்து விசாரித்துவிட்டு அனுப்பினார்கள்.

அடுத்தது யூதரான வெய்ஸ். கடையை முதலில் எடுத்துக்கொண்டார்கள், வேறொருவன் பெயருக்கு எழுதினார்கள். வெய்ஸ் தன் கடையிலேயே கூலிக்கு நின்று சாமான் கட்டினார். 1942-இல் அவரையும் அவர் மனைவியையும் வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லி வரச் சொன்னார்கள். எழுபது வயது மனிதரை என்ன வேலைக்கு? யுடிதா உட்கார்ந்து எழுதினாள். தலைநகரத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, ஆயருக்கு ஒன்று. ஆர்மின் வெய்ஸ் இந்த ஊரில் பிறந்தவர், பதினொரு ஸ்லோவாக் குடும்பங்கள் தங்கள் பெயரைத் திருப்பி வாங்கத் துணை நின்றவர், கூலியாக ஒரு காசு வாங்காதவர். அத்தாட்சியாக 1919 மனுக்களின் நகலைச் சேர்த்தாள். மாவட்டத்துக்கு எழுதியதை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கியவன் எங்கள் ஊர்ப் பையன், அவளிடம் உருண்டை வாங்கித் தின்று வளர்ந்தவன். வாசிக்காமலே மேசை அறைக்குள் போட்டான்.

வெய்ஸும் மனைவியும் போன சரக்கு வண்டி ஒல்ஷினா கேட்டைத் தாண்டித்தான் போயிற்று. யுடிதா கேட்டருகே நின்றாள். எந்தப் பெட்டியில் இருக்கிறார்கள் என்று தெரியாததால் எல்லாப் பெட்டியையும் பார்த்து, வண்டி முழுக்கக் கடந்து போகும்வரை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அதன் பிறகு அவள் மனு எழுதவில்லை. எழுதித் தரச் சொல்லி வந்தவர்களை வேறு இடத்துக்கு அனுப்பினாள்.

போர் முடிந்து மறுபடியும் செக்கோஸ்லோவாகியா என்று ஆனபோது புதிய கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். விடுதலை விழாவில் முன்வரிசையில் உட்காரவேண்டும், மூன்று அரசாங்கங்களை எதிர்த்த மூதாட்டி என்று அறிமுகப்படுத்துவோம் என்றார்கள். யுடிதா அவர்களை உட்காரச் சொன்னாள், பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தாள். வெய்ஸ் குடும்பத்தைப் பற்றி ஏதாவது தகவல் வந்திருக்கிறதா என்று கேட்டாள். விசாரிக்கிறோம் என்றார்கள். யாரிடம் விசாரிப்பீர்கள், என்றைக்கு விசாரிப்பீர்கள் என்று கேட்டாள். அவர்களில் ஒருவர் விழா ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என்றார்.

"அப்ப சனிக்கிழமைக்குள்ள விசாரிச்சுட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள்.

அவர்கள் வரவில்லை, அவளும் போகவில்லை. 1947 குளிர்காலத்தில் யுடிதா ஹவ்ரானோவா இறந்தாள்.